மாதத்துக்கொரு குரல்

சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்திலிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் கடற்கரைக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். இந்தத் தொலைவுக்குள் குன்று, புதர்க்காடு, ஏரிப்பாசன வயல், கடல் நான்கும் அடங்கிவிடுகின்றன. நிலத்தைத் திணைகளாகப் பிரித்த தொல்காப்பியம், ஒவ்வொரு நிலத்துக்கும் தெய்வம், உணவு, மரம், தொழில் ஆகியவற்றோடு தனிப் பறையையும் தனி யாழையும் சேர்த்து எண்ணியது. குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று பின்வந்த இலக்கண நூல்கள் பெயரும் சொல்லின. அந்தப் பறைகள் இன்று இல்லை. ஆனால் எந்த ஊரில், எந்த மாதத்தில் நிற்கிறோம் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டுமே சொல்லிவிட முடிகிற நிலமாக இந்தப் பகுதி இன்னும் இருக்கிறது. இசைத்தட்டும் ஒலிபெருக்கியும் வந்து இந்த வேறுபாட்டை அழித்துவிட்டன என்று சொல்வது வழக்கம். இங்கே ஓராண்டு முழுவதும் கேட்டுப் பார்த்தால், அவை மாதத்தையும் இசையையும் முன்னிலும் இறுகக் கட்டிவைத்திருப்பது தெரியும்.

சிங்கப்பெருமாள் கோயில் ஊரின் பெயரே கோயிலின் பெயர். பாடலாத்ரி நரசிம்மர் பல்லவர் காலக் குடைவரைக்குள் அமர்ந்திருக்கிறார். மூலவரும் குன்றும் ஒரே பாறை என்பதால் சந்நிதியைச் சுற்ற வேண்டுமானால் குன்றையே சுற்றிவர வேண்டும். ஒரு பக்கம் சென்னைக் கடற்கரைக்குப் போகும் மின்சார ரயில். இன்னொரு பக்கம் ஜி.எஸ்.டி. சாலை, அதிலிருந்து பிரிந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும் தொழிற்சாலைச் சாலை. மறைமலை நகரும் மகிந்திரா சிட்டியும் ஒரகடமும் வளர்ந்த பிறகு, பீகார், ஒடிசா, அசாம், வங்காளம், நேபாளம் ஆகிய இடங்களிலிருந்து வந்த இளைஞர்கள் இந்தச் சாலையோரத்து வாடகை அறைகளில் குடியேறினார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை இந்த அறைகளின் முன் நடந்தாலே போஜ்புரியும் ஒடியாவும் அசாமியமும் அடுத்தடுத்துக் காதில் விழும். ரயிலில் வேறொரு இசை: கழுத்தில் சிறு ஒலிபெருக்கியைத் தொங்கவிட்டுப் பழைய திரைப்பாடல்களைப் பாடிக்கொண்டு பெட்டி பெட்டியாக நகரும் பார்வையற்ற பாடகர்கள். அவர்களுக்கு மாதக் கணக்குக் கிடையாது. ஆண்டு முழுவதும் ஓடும் ஒரே கச்சேரி அதுதான்.

மற்றவற்றில் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் மாதம் உண்டு. அரசு ஆவணத்தில் ஆண்டு எங்கே தொடங்கினாலும், வயலைச் சார்ந்த ஊர்களில் பாட்டின் ஆண்டு தையில் தொடங்குகிறது. ஒரு காலத்தில் சம்பா அறுவடைக்குப் பாட்டு இருந்தது. நாற்று நடும்போது பெண்கள் வரிசையாகக் குனிந்து பாடிய நடவுப்பாட்டும், கிணற்றுத் துலா மேல் நடந்துகொண்டே சால்களை எண்ணிப் பாடிய ஏற்றப்பாட்டும் இருந்தன. மின்சார மோட்டார் வந்ததும் ஏற்றப்பாட்டு நின்றது. நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் மற்றதை முடித்தன. வேலை போன பின் பாட்டு மட்டும் தனியே நிற்பதில்லை. இன்று தை மாதத்தின் ஒலி வேறு: பொங்கல் விளையாட்டுப் போட்டி மேடையின் மைக் செட், காணும் பொங்கலுக்கு மாமல்லபுரம் நோக்கிப் போகும் வேன்களில் குலுங்கும் புதுப்படப் பாடல், தைப்பூசத்தை ஒட்டி மேல்மருவத்தூருக்குச் செவ்வாடையுடன் செல்லும் பெண்களின் பேருந்துகளிலிருந்து வரும் சக்தி பாடல்கள், திருப்போரூர் கந்தசுவாமி கோயிலில் காவடிச்சிந்து. திருப்போரூரில் அருணகிரிநாதரின் திருப்புகழும் உண்டு, சிதம்பர சுவாமிகள் இயற்றிய சந்நிதிமுறையும் உண்டு. சந்நிதிமுறை 726 பாடல்கள் கொண்டது. ஓர் ஊர்க் கோயிலுக்கென்றே இத்தனை பாட்டுகள் எழுதப்பட்டதை அந்த ஊருக்கு வெளியே அறிந்தவர் குறைவு.

மாசி மாதப் பௌர்ணமி இந்தக் கடற்கரையின் மிகப் பழைய இசை நாள். மாசி மகத்துக்கு முன்தினம் மாலையிலிருந்தே இருளர் குடும்பங்கள் மாமல்லபுரத்துக்கு வந்து சேரத் தொடங்குகின்றன. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் மாவட்டங்களின் ஏரிக்கரைகளிலும் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் சிதறி வாழும் மக்கள் அவர்கள். பாம்பு, எலி பிடிப்பதிலும் மூலிகையிலும் தேர்ந்த அவர்களின் அறிவை உலகம் கண்டுகொண்டதற்குச் சான்றாக வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நிற்கிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மாசி மகத்தன்று இருளர்கள் வருவது கன்னியம்மனுக்காக. அம்மன் கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டாள், அவளைப் பாடி அழைத்து வீட்டுக்குக் கூட்டிச்செல்ல வேண்டும் என்பது நம்பிக்கை. நான்கு கழிகளை நட்டுப் பழைய சேலையைச் சுற்றினால் குடில் ஆயிற்று. கடற்கரைக் கோயிலுக்கு அருகே மணல் முழுவதும் இப்படி வண்ணச் சேலைக் குடில்கள் எழும்பி ஓர் இரவுக்கு மட்டும் ஒரு நகரம் உண்டாகிறது.

விடியற்காலை ஈர மணலில் படிகள் கட்டி, பூவும் பழமும் தேங்காயும் வைத்து, கடலைப் பார்த்துப் பாடுகிறார்கள். பாட்டு தாலாட்டைப் போலத் தொடங்கி, கேள்வியாக மாறி, கெஞ்சலாக மாறி, பிறகு யாராவது ஒருவர் மேல் அம்மன் வந்து பேசத் தொடங்குவதில் போய் முடிகிறது. அருகருகே பத்துக் குடும்பங்கள் பத்துப் பாட்டைப் பாடினாலும் ஒன்று மற்றொன்றைக் கெடுப்பதில்லை, ஏனென்றால் இது அவையோருக்காகப் பாடப்படுவது அன்று. அதே காலை, அதே மணலில் திருமணங்களும் காதுகுத்தும் பெயர் வைப்பும் நடக்கின்றன. எழுத்தில் இல்லாத இந்தப் பாடல்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை கூடும் இந்தக் கூட்டமே ஏடு. பாட்டி பாடும்போது பேத்தி அருகில் இருந்து கேட்க வேண்டும். அந்த ஒரு விடியலில் பேத்தி வராமல் போனால் ஏட்டில் ஓர் இதழ் உதிர்ந்ததற்குச் சமம். தமிழகத்தின் இசை விழாக்களைப் பற்றி எழுதுவோர் இந்த இரவையும் விடியலையும் அவற்றுள் ஒன்றாக எண்ணாதது பெரிய குறை.

பங்குனி பிறந்ததும் இசை கடலை விட்டு உள்நாட்டுக்கு நகர்கிறது. திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழாவுக்குக் கொடி ஏறும் காலம் இது. வடதமிழ்நாட்டில், சென்னைக்குத் தெற்கே காஞ்சிபுரம், செய்யாறு, திண்டிவனம் வரை பரந்த வட்டாரத்தில், பங்குனியிலிருந்து ஆடி வரை ஊர் மாற்றி ஊர் பாரதம் நடக்கிறது. பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தையோ நல்லாப்பிள்ளை பாரதத்தையோ பாடிப் பொருள் சொல்கிறார். அன்று பகலில் சொன்ன கதையை இரவில் ஜமா எனப்படும் கூத்துக் குழு ஆடிக் காட்டுகிறது. மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு ஆடுவதால் இதற்குக் கட்டைக்கூத்து என்றும் பெயர். தெருவில் ஆடுவதால் தெருக்கூத்து. செய்யாற்றுக்கு அருகே உள்ள புரிசையின் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையும், 1990-இல் காஞ்சிபுரத்தில் பெ. ராஜகோபால் முன்னின்று தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கமும் இந்தக் கலையை வெளிநாட்டு மேடைகள் வரை கொண்டுசென்றன. புஞ்சரசந்தாங்கலில் அந்தச் சங்கம் நடத்திய குருகுலத்தில் பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்றுத்தரப்பட்டது. ஆண்களே பெண் வேடம் கட்டிவந்த கலையில் பெண் பிள்ளைகளுக்கும் அங்கே இடம் கிடைத்தது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

கூத்தின் பக்கவாத்தியத்தில் உயிரானது முகவீணை. நாகசுரத்தின் சின்னஞ்சிறு தம்பி போன்ற குழல்; மேல் சுருதியில் ஒலிப்பதால் வயல் தாண்டி அடுத்த ஊர் வரை கேட்கும். மிருதங்கமோ டோலக்கோ, தாளம், ஆர்மோனியம் அதைச் சூழ்ந்துகொள்ளும். நடிகர் முதல் அடியைப் பாட, பின்பாட்டுக்காரர்கள் அதை எடுத்துத் திருப்பிப் பாடுகிறார்கள். மைக் வருவதற்கு முன் ஆயிரம் பேர் உட்கார்ந்த திடலில் கடைசி வரிசைக்கும் சொல் போய்ச் சேர்ந்தது இந்த ஏற்பாட்டால்தான். இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கியைத் தடுக்கும் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் விடிய விடிய நடக்கும் இந்தக் கலைக்கு ஒரு நெருக்கடியைக் கொண்டுவந்தன. காவல்துறை அனுமதிக்காக அலைவது இன்று ஊர் நாட்டாண்மைக்காரர்களின் வேலைகளில் ஒன்று. மைக்கே இல்லாமல் ஆடுவதற்காகப் பிறந்த கலை மைக்குக்கான விதியில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

பதினெட்டு நாள் பாரதத்தில் எல்லா இரவையும்விட அதிகக் கூட்டம் கூடுவது அர்ச்சுனன் தபசுக்கு. திடலில் பனைமரக் கம்பம் ஒன்றை நட்டு, ஏறுவதற்குப் படிக்கட்டைகள் அடித்து, உச்சியில் பரண் கட்டியிருப்பார்கள். அதற்குத் தபசு மரம் என்று பெயர். அர்ச்சுனன் வேடம் கட்டியவர் ஒவ்வொரு படிக்கும் ஒரு விருத்தம் பாடி மேலே ஏறுகிறார். பாசுபதம் வேண்டிச் சிவனை நோக்கிப் பாடும் பாட்டு. ஆனால் ஒவ்வொரு படியிலும் ஊருக்காக வேண்டுகிற பாட்டும் அதுதான். தரையில் குழந்தை வரம் கேட்கும் பெண்கள் மடியேந்திக் காத்திருக்கிறார்கள். உச்சியை அடைந்ததும் அவர் எலுமிச்சம்பழமும் வில்வமும் திருநீறும் பூவும் கீழே இறைக்கிறார். மடியில் விழுந்ததை அந்தப் பெண்கள் பிரசாதமாக எடுத்துச் செல்கிறார்கள். கீழே நிற்கிறவர்களுக்கு அந்த நேரத்தில் அவர் நடிகர் இல்லை.

இதே அர்ச்சுனன் தபசு, மாமல்லபுரத்தில் 30 மீட்டர் நீளப் பாறையில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்துகொண்டிருக்கிறது. ஒற்றைக் காலில், கைகளை மேலே தூக்கி நிற்கும் தவசி அர்ச்சுனனா, கங்கையைக் கொணர்ந்த பகீரதனா என்று அறிஞர்கள் வாதிட்டுவருகிறார்கள். ஊரார் சொல்லில் அது எப்போதும் அர்ச்சுனன் தபசுதான். அந்தப் பாறையில் பாதி மனிதர், பாதிப் பறவையான கின்னரர்கள் இணை இணையாகத் திரள்கிறார்கள். பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபத்துச் சுவரில் பசுக்களுக்கு நடுவே ஓர் ஆயன் குழல் ஊதிக்கொண்டிருக்கிறான். முல்லை நிலத்துக் குழல், நெய்தல் நிலத்தில், கல்லில். கூத்துக்காரர்கள் பாறையிலிருந்து கற்றார்களா, பாறையைச் செதுக்கியவர்கள் அப்படி ஒரு கூத்தைப் பார்த்திருந்தார்களா என்ற கேள்விக்கு விடை தேடுவது வீண். இரண்டும் ஒரே கதையை ஒரே வட்டாரத்தில், கூடியிருக்கும் கூட்டத்தைப் பார்த்தே சொல்கின்றன, அது போதும்.

சித்திரை முதல் நாள் ஒரகடம் சாலையின் வாடகை அறைகளில் தனிக் கொண்டாட்டம். தமிழர்கள் வேப்பம்பூப் பச்சடி செய்யும் ஏப்ரல் நடுவில்தான் அசாமியர்களுக்கு ரங்காலி பிகு. டோல் என்னும் முழவும், எருமைக் கொம்பில் செய்த பெப்பா என்னும் ஊதுகுழலும் அதன் குரல்கள். ஊரிலிருந்து கருவிகளைக் கொண்டுவர முடியாதவர்கள் கைப்பேசியில் பாட்டை ஓடவிட்டு ஆடுகிறார்கள். ஒடிசாவில் தண்ட நாட்டம் என்னும் பல நாள் நோன்புக் கூத்து அந்தச் சங்கராந்தியோடு முடிகிறது. கடலுக்கு அப்பால் இலங்கையில் பெண்கள் ரபான் என்னும் பெரிய வட்டப் பறையைச் சுற்றி உட்கார்ந்து கொட்டுவார்கள். மியன்மரில் தண்ணீர் தெளித்து ஆடும் திங்யான் நாட்களில், இரண்டாம் உலகப் போருக்கு முன் மாண்டலேயின் மியோமா இசைக்குழு பாடிய பாடல்கள் இன்றும் ஆண்டுதோறும் திரும்பி வருகின்றன. தாய்லாந்தில் அதுவே சோங்க்ரான். சூரியன் மேட ராசிக்குள் நுழையும் ஒரே கணக்கு, பிரம்மபுத்திராவிலிருந்து மேகாங் வரை இத்தனை முழவுகளை ஒரே வாரத்தில் ஒலிக்கவைக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பில் அவற்றுள் இரண்டு மூன்றையாவது அடுத்தடுத்த வாசல்களில் கேட்கலாம்.

சித்திரையில் திருக்கழுக்குன்றத்தில் தேர். மூவரும் மாணிக்கவாசகரும் பாடிய தலம் என்பதால் ஓதுவாரின் பண்ணும் நாகசுரமும் அந்தத் தெருக்களில் முன் வரிசையில் நிற்கின்றன. வைகாசியும் ஆனியும் கல்யாண மாதங்கள். மேளத்துக்கு முன்பு போட்டியாக வந்தது பேண்டு வாத்தியம். இப்போது கேரளத்துச் செண்டை. மாப்பிள்ளை அழைப்பில் இருபது செண்டைகள் முழங்கும்போது நாகசுரக்காரர் குழலை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிற காட்சி வருத்தம் தருவது. திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள் கோயிலில் மட்டும், கல்யாணம் கூட வேண்டும் என்று மாலையோடு சுற்றிவருகிறவர்களுக்கு எந்த மாதமும் வைகாசியே.

ஆடி வந்ததும் காற்றும் ஒலியும் சேர்ந்தே ஏறுகின்றன. தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் கூழ் வார்க்கிறார்கள். பூங்கரகம் புறப்படும்போது பம்பைக்காரர் வர்ணிப்புப் பாடுகிறார். இடுப்பில் கட்டிய இரட்டைப் பம்பையின் ஒரு முகம் உறும, மறுமுகம் வெடிக்க, உடுக்கையும் கைச்சிலம்பும் அதற்கு இடையில் ஓடும். வர்ணிப்பு என்பது அம்மனைத் தலைமுதல் கால்வரை வருணித்து அழைப்பது. ஆளின் மேல் சாமி வரும்வரை அடி கூடிக்கொண்டே போகும், வந்ததும் சட்டென்று தணியும். எந்த இடத்தில் தணிக்க வேண்டும் என்று அறிந்தவரே நல்ல பம்பைக்காரர்.

இந்த நேரடி இசையைச் சுற்றி, காலை ஐந்தரை மணியிலிருந்து ஒலிபெருக்கியில் எல்.ஆர். ஈஸ்வரி. திரைப்படங்களில் துள்ளல் பாட்டுகளுக்கும் விடுதிப் பாட்டுகளுக்கும் அழைக்கப்பட்ட அந்தக் குரல், அம்மன் இசைத்தட்டுகளுக்குப் பிறகு ஆடி மாதத்தின் குரலாகவே ஆகிவிட்டது. இசைத்தட்டு போய் ஒலிநாடா வந்தது, குறுந்தகடு வந்தது, நினைவட்டை வந்தது. மைக் செட்டுக்காரரின் பெட்டியில் அந்தக் குரல் மட்டும் மாறவில்லை. அதே பெட்டியில் ஆவணிப் பிள்ளையார் சதுர்த்திக்குச் சீர்காழி கோவிந்தராஜன், கார்த்திகை முதல் நாளிலிருந்து ஐயப்பனுக்கு கே. வீரமணியும் யேசுதாசும், மார்கழிக்குத் திருப்பாவை என்று அடுக்கு உண்டு. நோன்பு மாதமும் மீலாதும் பிறைக் கணக்கில் ஆண்டுதோறும் பதினொரு நாள் பின்வாங்குவதால், நாகூர் ஹனிபாவின் கம்பீரக் குரலை எந்தத் தமிழ் மாதத்திலும் கேட்கலாம். கோவளத்துத் தமீம் அன்சாரி தர்காவுக்குப் போகும் பாதையில் எல்லா மதத்தாரும் அதை நின்று கேட்கிறார்கள். இதை ஒரு வணிகப் பழக்கம் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் ஒரு குரலும் ஒரு பருவமும் சேர்ந்துவிட்டால் பிரிக்க முடியாமல் போவது கண்டம் முழுவதும் நடந்த செய்தி.

வங்காளம் அதற்குச் சிறந்த சாட்சி. புரட்டாசி மகாளய அமாவாசையன்று விடியற்காலை நான்கு மணிக்குக் கல்கத்தா வானொலி ‘மகிஷாசுர மர்த்தினி’ நிகழ்ச்சியை ஒலிபரப்புகிறது. 1930-களின் தொடக்கத்திலிருந்து வரும் வழக்கம். பீரேந்திர கிருஷ்ண பத்ரரின் ஓதலோடு பாடல்கள் கலந்தது அது. 1976-இல் அதற்குப் பதிலாக நடிகர் உத்தம் குமாரைக் கொண்டு புதிய நிகழ்ச்சியை வானொலி வழங்கியபோது, வங்காள மக்கள் பொறுக்கவில்லை. பழைய குரலே திரும்பக் கொண்டுவரப்பட்டது. மகிந்திரா சிட்டியில் வேலை பார்க்கும் வங்காளிக்கு அந்த விடியற்காலை இல்லாமல் துர்க்கா பூசை தொடங்குவதில்லை. இப்போது வானொலிப் பெட்டி வேண்டாம், கைப்பேசி போதும்.

ஆவணிக் கடைசியில், கடற்கரைச் சாலையில் காவி உடை அணிந்த கிறித்தவ யாத்திரிகர்கள் தெற்கு நோக்கி நடக்கிறார்கள். செப்டம்பர் 8-க்குள் வேளாங்கண்ணி சேர வேண்டும். சிறு தேர், அதில் மாதா சொரூபம், பின்னால் மைக் கட்டிய வண்டி. அந்தப் பாடல்களின் மெட்டும் தாளமும் காவடிப் பாட்டுக்கு அடுத்த வீடு. நடைக்கான பாட்டு காலடிக்குக் கட்டுப்பட்டது. எந்தச் சாமிக்கு நடந்தாலும் காலடி ஒன்றுதான். அதே பருவத்தில் கோவளத்தில், 2013-இல் தொடங்கிப் பல ஆண்டுகள், அலைச்சறுக்கோடு இசையும் சேர்ந்த விழா ஒன்று நடந்தது. மீனவ இளைஞர்கள் அலைமேல் நின்றார்கள்; நகரத்து இசைக்குழுக்கள் கரையில் பாடின.

அந்த மீனவர்களின் சொந்தப் பாட்டு எங்கே என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. துடுப்பு போடுவதற்கும் கரைவலை இழுப்பதற்கும் பாடிய அம்பாப் பாட்டில் ஒருவர் சொல் எடுக்க மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று விழுவார்கள். சொல்லில் பாதி கேலி, பாதி பிரார்த்தனை. கட்டுமரத்தின் இடத்தில் கண்ணாடியிழைப் படகும் வெளிப்பொருத்து எஞ்சினும் வந்தன; 2004 சுனாமிக்குப் பின் வந்த நிவாரணத்தால் அந்த மாற்றம் இன்னும் வேகமெடுத்தது. எஞ்சின் சத்தத்தில் பாட முடியாது, பாடத் தேவையும் இல்லை. கரைவலை இழுக்கும் சில இடங்களில் மட்டும் அந்த ஏலேலோ இன்னும் மணலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கரையோர வீடுகளின் பாட்டு நினைவில் இன்னொரு பங்கு இலங்கை வானொலிக்கு. 1952-க்குப் பின் பி.வி. கேஸ்கர் அமைச்சராக இருந்து அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டை ஒடுக்கியபோது, கொழும்பிலிருந்து அது தடையின்றி வந்தது. 1957-இல் விவித் பாரதி பிறந்ததே அந்தப் போட்டியால்தான். பின்னர் ஏ.இ. மனோகரனின் ‘சுராங்கனி’ வழியாகப் பைலாத் தாளமும் இங்கே இறங்கியது. போர்த்துகீசியர் காலத்தில் இலங்கைக் கரையில் முளைத்த தாளம் தமிழ்நாட்டுக் கல்யாண ஊர்வலங்களில் ஆடப்பட்டது.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை. திடல்கள் சேறு, கூத்து இல்லை, ஒலிபெருக்கிக் குழாய்கள் கோணியால் மூடிக் கிடக்கும். மாமல்லபுரத்தில் தலசயனப் பெருமாள் கோயில் தெருவில், அங்கே பிறந்த பூதத்தாழ்வாருக்கு ஐப்பசி அவிட்டத்தை ஒட்டி விழா. கோஷ்டியார் குடை பிடித்துக்கொண்டு இரண்டாம் திருவந்தாதியைச் சேவித்துப் போகிறார்கள். தீபாவளி அமாவாசை முடிந்து ஆறாம் நாள் கந்த சஷ்டி. முருகன் விண்ணில் நின்று போர் செய்த தலம் என்று போற்றப்படும் திருப்போரூரில் அன்று சூரசம்காரம்; தேவராய சுவாமிகளின் கந்த சஷ்டி கவசம் சூலமங்கலம் சகோதரிகளின் குரலில் ஆறு நாளும் ஊரை மூடியிருக்கும். அதே சஷ்டித் திதியில் பீகாரிகளுக்குச் சட் பூசை. மேற்கே சாயும் சூரியனுக்கும் மறுநாள் எழும் சூரியனுக்கும் நீரில் நின்று அர்க்கியம் விடும் நோன்பு. அதன் குரல் சாரதா சின்ஹா. மைதிலியிலும் போஜ்புரியிலும் அவர் பாடிய சட் பாடல்கள் இல்லாமல் பீகாரில் எந்தக் குளக்கரையும் நிறைவதில்லை. 2024 நவம்பர் 5 அன்று, சட் பூசையின் முதல் நாளில் அவர் காலமானார். அந்த வாரம் எல்லாக் கரைகளிலும் அவர் குரலே ஒலித்தது. சிங்கப்பெருமாள் கோயிலின் ஒரு தெருவில் கவசமும், தொழிலாளர் அறையின் கைப்பேசியில் சட் பாட்டும் ஒரே அந்தியில் ஒலிக்கும்போது, அவை ஒரே திதிக்கு உரியவை என்பது இரு தரப்பாருக்கும் தெரிவதில்லை.

எந்த மாதத்துக்கும் சேராதது சாவு மேளம். பறையைக் கட்டாயத் தொழிலாகத் தங்கள் மேல் சுமத்திய சாதி வழக்கத்தை எதிர்த்து, சாவுக்குப் பறையடிப்பதில்லை என்று முடிவெடுத்த சேரிகள் பல. அதே பறையைத் தன்மானத்தின் கருவியாகக் கையில் எடுத்த இளைஞர் குழுக்களும் பல. இரண்டும் சரியான முடிவே. வடசென்னையில் மரண வீட்டில் பாடப்படும் கானாவும் ரயில் பாதையோடு தெற்கே இறங்கி வந்திருக்கிறது. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் கானாவும் ராப்பும் பறையும் ஒன்றாக நின்றன. அதில் பாடிய அறிவு 2021-இல் பாடகி தீயுடன் சேர்ந்து வழங்கிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ நிலமற்றவர்களின் நினைவை உலகம் முழுவதும் கொண்டுபோனது. 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’, சபாக்களின் மாதமாக மட்டும் இருந்த மார்கழியில் இவர்களுக்கும் மேடை போட்டது.

மார்கழியின் பழைய இசை இந்தப் பகுதியில் விடியலுக்கு முன் தொடங்குகிறது. நரசிம்மர் கோயில் ஒலிபெருக்கியில் எம்.எல். வசந்தகுமாரி திருப்பாவை பாடுகிறார்; அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மெட்டமைத்த முப்பது பாசுரங்கள். பனியில் கோலம் போடுகிற பெண்கள், பாசுரத்தின் எண்ணை வைத்தே அன்று மாதத்தில் எத்தனையாவது நாள் என்று சொல்லிவிடுவார்கள். சிவன் கோயில்களில் திருவெம்பாவை. இந்தப் பாட்டு கடல் கடந்தும் போயிருக்கிறது: பாங்காக்கில் அரசவைப் பிராமணர்கள் இதே பருவத்தில் நடத்தும் திரியம்பாவாய் சடங்கின் பெயர் திருவெம்பாவையிலிருந்து வந்தது. அங்கே ஓதப்படும் சொற்கள் தமிழ் என்பது காலப்போக்கில் மறந்துபோய், ஒலி மட்டும் தங்கியது. அந்தச் சடங்கின் பகுதியாக இருந்த பெரிய ஊஞ்சலாட்டம் 1935-இல் நின்றுவிட்டது, ஓதல் நிற்கவில்லை. கிழக்கு நோக்கிக் கப்பல்கள் புறப்பட்ட துறைமுகங்களுள் மாமல்லபுரமும் ஒன்று.

அதே மாமல்லபுரத்தில் டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை சுற்றுலாத் துறையின் நாட்டிய விழா. பரதமும் குச்சிப்புடியும் கதக்கும் ஒடிசியும் கரகமும் காவடியும் மேடையேறுகின்றன. வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று தொடங்கியதை இன்று உள்ளூர்க் குடும்பங்கள் பாயும் கட்டுச்சோறுமாக வந்து பார்க்கின்றன. பகலில் 1957-இல் நிறுவப்பட்ட சிற்பக் கல்லூரியின் பக்கமிருந்தும் சாலையோரப் பட்டறைகளிலிருந்தும் உளியின் ஓசை.

டிசம்பர் 26 இந்தக் கரைக்கு நினைவு நாள். 2004-இல் சுனாமி பறித்தவர்களுக்காக மீனவக் குப்பங்களில் பாலூற்றி, மலர் தூவி, கடலைப் பார்த்து ஒப்பாரி வைக்கிறார்கள். அந்தப் பேரழிவுக்குப் பின் சென்னையைச் சேர்ந்த ‘எர்த்சிங்க்’ நிறுவனம், இந்தியா, இலங்கை, மாலத்தீவு, இந்தோனேசியா, தாய்லாந்து, மியன்மர் ஆகிய ஆறு நாட்டுக் கரைகளில் பயணம் செய்து, உயிர் தப்பிய ஊர்களின் இசையை அந்தந்த இடத்திலேயே பதிவுசெய்து ‘லயா ப்ராஜெக்ட்’ என்னும் படமாகவும் இசைத்தொகுப்பாகவும் வெளியிட்டது. ஒரு நாட்டில் பாடிய குரலின் கீழே இன்னொரு நாட்டின் முழவு வந்து சேர்கிறது. பாடியவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர். வலை இழுத்தவர்கள், விதைத்தவர்கள், பள்ளிவாசலிலும் கோயிலிலும் ஓதியவர்கள். ஒரே அலை தொட்ட கரைகளை ஒரே தாளத்தில் வைத்துக் கேட்ட முயற்சி என்ற அளவில், ஆசியக் கடலோர இசைக்கு அதைவிட நல்ல அறிமுகம் கிடைப்பது அரிது.

பொங்கலுக்கு நான்கைந்து நாள் முன்பு, சிங்கப்பெருமாள் கோயில் கடைத்தெருவில் போகி மேளம் விற்பனைக்கு வருகிறது. மண் வளையத்தின் மேல் மெல்லிய தோல் இழுத்துக் கட்டிய, குழந்தையின் கைக்கு அடங்கும் கொட்டு. கூடவே இரண்டு குச்சி. வடமாவட்டங்களுக்கே உரிய பொருள் இது. மதுரைக்காரருக்குச் சொன்னால் விளக்க வேண்டியிருக்கும். மார்கழியின் கடைசி விடியலில், தெருவில் பழைய பாயும் முறமும் எரிய, சிறுவர்கள் அதைச் சுற்றி நின்று அடிக்கிறார்கள். தோல் தளர்ந்தால் நெருப்பில் காட்டி முறுக்கேற்றிக்கொள்கிறார்கள். பம்பைக்காரர் ஆடியில் செய்வதும் அதையேதான். யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிள்ளைகளுக்கு அது வருகிறது. வெயில் ஏறுவதற்குள் பாதி மேளங்கள் கிழிந்துவிடும்.